குழந்தைக்கு ஊசி போடும் புதன்கிழமையில் தாயின் நாடியையும் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, அறிக்கை எழுதிக் கொடுப்பது, இதுதான் என் வேலையாக இருந்தது. மருத்துவர் இல்லை. ஆனால் எந்த அறிக்கையில் எந்த எண் யார் கண்ணிலும் படாமல் போகிறது என்பதை ஆய்வக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையவே பார்த்திருக்கிறேன். அப்படிக் கண்ணில் படாமல் போகிற ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். கர்ப்ப காலத்திலும், பிள்ளை பெற்ற முதல் வருடத்திலும் பெண்களுக்கு வருகிற தைராய்டு மிகைச் சுரப்பு.

தைராய்டு என்றாலே நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். சுரப்பது குறைந்துவிட்டது, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும், உடம்பு போடும். மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் கர்ப்பிணிகளுக்கு வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலும் குறைச் சுரப்பைக் கண்டுபிடிப்பதற்கானதுதான். அது தேவையான வேலை, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் விளைவாக எல்லோருடைய கண்ணும் டிஎஸ்எச் கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் பழகிவிட்டது. 6 என்றோ 10 என்றோ வந்தால் உடனே கவனிக்கிறார்கள். 0.02 என்று வந்தால், "குறைவாத்தானே இருக்கு, நல்லதுதானே" என்று அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் உத்தரவு. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் அந்த உத்தரவு நின்றுபோகும், எண் தரையைத் தொடும். கூடின எண்ணை எப்படிக் கவனிக்கிறோமோ அப்படியே இந்தக் குறைந்த எண்ணையும் கவனிக்க வேண்டும்.

அதே நேரம், குறைந்த எண்ணைக் கண்டு பயந்துபோய் அவசரமாக மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. அதுவும் ஆபத்துதான். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியில் இருந்து வரும் எச்சிஜி ஹார்மோன் தைராய்டையும் தூண்டும். அதனால் 8 வாரத்தில் இருந்து 12 வாரம் வரை டிஎஸ்எச் இயல்பாகவே இறங்கும். முதல் மூன்று மாதத்தில் 0.1 வரை இறங்குவதுகூட நல்ல ஆரோக்கியமான பெண்களிடம் காணக்கூடியதே. நூற்றில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இது இன்னும் தீவிரமாகி, மிகைச் சுரப்பு போலவே தோன்றும். கடுமையான வாந்தி உள்ளவர்களிடமும், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களிடமும், கரு சரியாக உருவாகாமல் நஞ்சு மட்டும் கொத்துக் கொத்தாக வளர்வதை முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று சொல்கிறோமே அதிலும் இது கூடுதல். முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குத் தனிச் சிகிச்சை உண்டு. மற்றவர்களுக்குத் தைராய்டை அடக்கும் மாத்திரை தேவையே இல்லை. வாந்திக்கு மருந்து, உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் படபடப்புக்குக் கொஞ்ச நாள் ஒரு மாத்திரை. எச்சிஜி இறங்கியதும், பெரும்பாலும் 14 முதல் 18 வாரத்துக்குள், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

கிரேவ்ஸ் நோய் வேறு. அதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டுகிற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. ஆயிரம் கர்ப்பிணிகளில் ஓரிருவருக்குத்தான் இது வரும், ஆனால் அந்த ஓரிருவரைத் தவறவிடக் கூடாது. கருச்சிதைவு, ரத்தக் கொதிப்போடு வரும் சூல்வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாயின் இதயம் தளர்ந்துபோவது, பிரசவ நேரத்தில் தைராய்டு புயல் என்கிற உயிர் ஆபத்து, இவ்வளவும் அதில் உண்டு. எப்படிப் பிரித்தறிவது? கருத்தரிப்பதற்கு முன்பே படபடப்பு இருந்ததா, முன்கழுத்தில் வீக்கம் இருக்கிறதா, கண்கள் பிதுங்கித் தெரிகின்றனவா, வீட்டில் யாருக்காவது தைராய்டு நோய் உண்டா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மீதியை, ரத்தத்தில் கட்டற்று இருக்கும் தைராய்டு ஹார்மோனை அளக்கும் ஃப்ரீ டி4 பரிசோதனையும், டிராப் எனப்படும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் சொல்லும். சாதாரண மொத்த டி4 பரிசோதனையை வைத்துக் கர்ப்ப காலத்தில் முடிவெடுக்கக் கூடாது. கர்ப்பத்தில் அது இயல்பாகவே ஒன்றரை மடங்கு வரை கூடும். இதைத் தெரியாமல் "தைராய்டு ரொம்பக் கூடிப்போச்சு" என்று பயமுறுத்தப்பட்ட பெண்கள் உண்டு.

இங்கே மருந்தைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிகைச் சுரப்புக்கு நம் நாட்டில் பரவலாகக் கொடுப்பது கார்பிமசோல். நல்ல மருந்து. ஆனால் கருவின் உறுப்புகள் உருவாகும் 6 முதல் 10 வாரக் காலத்தில் இதை எடுத்தால் சில குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் வரலாம். உச்சந்தலையில் தோல் உருவாகாமல் போவது, மூக்குத் துளையின் உட்புறம் அடைத்திருப்பது, உணவுக்குழாய், தொப்புள் பகுதிக் குறைபாடுகள் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. அதனால் முதல் மூன்று மாதத்தில் மருந்து தவிர்க்க முடியாதவர்களுக்கு புரோப்பில்தயோயுராசில் என்ற மற்றொரு மருந்தைக் கொடுக்கிறார்கள். அதுவும் ஆபத்தே இல்லாத மருந்து என்று சொல்ல முடியாது, அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும். எப்படியும் இந்த மாற்றம் நடக்க வேண்டுமானால், நாள் தள்ளிப்போன உடனேயே அந்தப் பெண் மருத்துவரிடம் வந்தாக வேண்டும். நம் ஊரில் முதல் குழந்தை என்றால் இரண்டு மாதம் முடிந்து, வீட்டுப் பெரியவர்கள் பார்த்து, அப்புறம்தான் பதிவுக்கே வருகிறார்கள். அதற்குள் அந்த 6 முதல் 10 வாரம் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே கல்யாண வயதில் கார்பிமசோல் சாப்பிடும் ஒவ்வொரு பெண்ணிடமும், மருந்து எழுதும் அன்றைக்கே, "நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே வா மக்களே, ஆனால் நீயாக மாத்திரையை நிறுத்தாதே" என்று சொல்லி அனுப்புங்கள். மருந்துச் சீட்டிலேயே தமிழில் ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. தொண்டை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகளால் அரிதாக வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்துவிடும், அதைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் காப்பாற்றுவது கடினம்.

முன்பே அறுவைச் சிகிச்சை செய்தோ, கதிரியக்க அயோடின் குடித்தோ கிரேவ்ஸ் நோயில் இருந்து விடுபட்ட பெண்கள் இன்னொரு வகை. இப்போது அவர்கள் குறைச் சுரப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தாய் சேய் நல அட்டையில் "தைராய்டு, மாத்திரை எடுக்கிறார்" என்று மட்டும் எழுதியிருக்கும். ஆனால் தைராய்டு போன பிறகும் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கலாம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டி வயிற்றில் இருக்கும் பிள்ளையின் தைராய்டைத் தூண்டும். தாயின் அறிக்கை எல்லாம் சரியாக இருக்கும், பிள்ளையின் இதயம் மட்டும் ஓயாமல் 160க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு முறை எதிர்ப்பொருள் பார்க்கவேண்டும். கூடுதலாக இருந்தாலோ, இன்னும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, 18 முதல் 22 வாரத்தில் மறுபடியும், பிறகு 30 முதல் 34 வாரத்தில் இன்னொரு முறையும் பார்க்கவேண்டும். இயல்பின் உச்ச அளவைப்போல மூன்று மடங்கு தாண்டினால் பிள்ளையை ஸ்கேனில் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

பிறந்த பிறகும் இது முடியாது. கிரேவ்ஸ் நோயுள்ள தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இந்தப் பாதிப்போடு பிறக்கின்றன. தாய் சாப்பிட்ட மருந்தும் பிள்ளைக்குப் போயிருப்பதால், பிறந்த முதல் சில நாட்கள் குழந்தை நன்றாகவே இருக்கும். அந்த மருந்து வடிந்த பிறகுதான் துடிப்பு கூடும், ஓயாமல் அழும், எவ்வளவு பால் குடித்தாலும் எடை ஏறாது. சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதாவது பிள்ளைக்குப் பிரச்சினை தொடங்கும்போது அது வீட்டில், தொட்டிலில் இருக்கும். "இந்தத் தாய்க்குக் கிரேவ்ஸ் இருந்தது" என்ற ஒரு வரி பிரசவ அறையில் இருந்து குழந்தைகள் மருத்துவருக்கும், அங்கிருந்து அந்த ஊர் செவிலியருக்கும் போய்ச் சேர்ந்தால், முதல் இரண்டு வாரத்தில் யாராவது அந்தக் குழந்தையைப் போய்ப் பார்ப்பார்கள். தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் அந்த வரியை எழுதச் சொல்லுங்கள். தைராய்டு என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன தைராய்டு, முன்பு என்ன சிகிச்சை என்பது வேண்டும்.

இதுவரை சொன்னது கர்ப்ப காலம். நான் முக்கியமாக எழுத வந்தது அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி.

கர்ப்ப காலத்தில் பெண்ணின் எதிர்ப்புச் சக்தி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வயிற்றில் இருக்கும் பிள்ளையை அந்நியமாகப் பார்க்காமல் இருக்க. அதனால்தான் கிரேவ்ஸ் நோயே கடைசி மாதங்களில் தணிந்து, சிலருக்கு மாத்திரையை நிறுத்தும் அளவுக்குப் போகும். பிரசவம் முடிந்ததும் அந்த எதிர்ப்புச் சக்தி முழு வேகத்தோடு திரும்புகிறது. தணிந்த கிரேவ்ஸ் மறுபடி தலைதூக்கும். நோயே இல்லாதவர்களுக்குப் புதிதாக வரும். இன்னும் பலருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி வரும். சுமாராக நூறு தாய்மார்களில் ஐந்து பேருக்கு. இது அபூர்வ நோயே கிடையாது. ஒவ்வொரு தடுப்பூசி முகாமிலும் வரிசையில் நிற்கிற தாய்மார்களில் யாராவது ஒருவருக்கு இருக்கக்கூடியது.

மருத்துவ உலகத்துக்கு இது புதிதும் இல்லை. கிரேவ்ஸ் நோய்க்குப் பெயர் தந்த ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் எழுதுவதற்கு முன்பே, இங்கிலாந்தில் பாத் நகரத்து மருத்துவர் கேலப் பாரி 1786இல் ஒரு நோயாளியைக் குறித்து வைத்தார். நெஞ்சுத் துடிப்பும், பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில் தெரிய வந்த கழுத்து வீக்கமுமாக வந்த பெண் அவர். பாரி 1822இல் இறந்த பிறகு, 1825இல்தான் அந்தக் குறிப்பு அச்சில் வந்தது. பதிவில் இருக்கிற மிகப் பழைய நோயாளிகளில் ஒருவர் பிள்ளை பெற்ற பெண். இத்தனை காலம் கழித்தும் பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில் படபடக்கிறது என்று சொல்லும் பெண்ணை நாம் நம்பாமல் இருக்கலாமா?

இந்த அழற்சி வரும் விதம் ஏமாற்றக்கூடியது. பிரசவமாகி இரண்டாம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதத்துக்குள் முதலில் மிகைச் சுரப்பு. அது சில வாரங்கள் இருந்து தானே அடங்கும். அடுத்து, பிரசவமாகி நான்காம் மாதத்தில் இருந்து எட்டாம் மாதத்துக்குள், சிலருக்கு ஒரு வருடம் ஆகும்வரை, குறைச் சுரப்பு. பிறகு பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும், ஆனால் கணிசமானவர்களுக்குக் குறைச் சுரப்பு அப்படியே நின்றுவிடும். சிலருக்கு முதல் கட்டம் மட்டும், சிலருக்கு இரண்டாவது மட்டும் வரும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பெண்களில் நான்கில் ஒருவருக்கு வரும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தைராய்டைத் தாக்கும் டிபிஓ ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருள் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதிப் பேர் வரை இது வரும். ஒரு பிரசவத்தில் வந்தால் அடுத்த பிரசவத்திலும் திரும்பி வருவது அதிகம்.

இதன் அறிகுறிகளைப் பாருங்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, சூடு தாங்காமை, தூக்கமின்மை, எரிச்சல், அழுகை, உடல் மெலிவு, முடி கொட்டுதல். இதில் ஒன்றையாவது "பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லாத வீடு நம் மாவட்டத்தில் உண்டா? வியர்த்தால் கடலோரப் புழுக்கம். தூங்காவிட்டால் பிள்ளை ராத்திரி விழிக்கிறது. மெலிந்தால் பாராட்டு, "பிள்ளை பெத்தும் உடம்பு போடாம அழகா இருக்கா" என்று. அழுதால் கண்ணூறு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவார்கள். தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். மேற்கே எத்தனையோ வீடுகளில் கணவன் வளைகுடாவில். ராத்திரி இரண்டு மணிக்கு மனைவியின் கை நடுங்குவதைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. கடல்மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் தைராய்டு வராது என்ற நம்பிக்கை வேறு. அயோடின் பற்றாக்குறையால் வரும் கழலைக்குத்தான் அது கொஞ்சம் பொருந்தும். எதிர்ப்புச் சக்தியால் வரும் இந்த நோய்கள் மீன் சாப்பிடுகிறவர்களையும் விடாது.

என் மருமகளுக்கு நடந்ததையும் சொல்கிறேன். மூன்றாம் மாதம். பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் படபடப்பு என்று சொன்னதும் ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் நன்றாக இருந்தது, அதை நானே பார்த்தேன். அடுத்த முறை போனபோது மனக்கவலைக்கு மாத்திரை. டிஎஸ்எச் பார்க்கச் சொல்லி நான் வற்புறுத்திய பிறகுதான் பார்த்தார்கள், எண் அடியில் கிடந்தது. உடனே கார்பிமசோல் எழுதி, பாலை நிறுத்து என்று சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பொருள் பார்க்கவில்லை, இது அழற்சியா கிரேவ்ஸா என்று யாரும் யோசிக்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்த பிறகு, இது அழற்சி, மாத்திரை வேண்டாம் என்றார். அதற்குள் பால் வற்றிவிட்டது. அவள் அழுத அழுகைக்கு அப்போது தைராய்டு மட்டும் காரணமில்லை.

அழற்சிக்குக் கார்பிமசோல், பாலை நிறுத்து என்ற அந்த இரண்டு தவறான ஆலோசனைகளும் இன்னும் பல இடங்களில் கொடுக்கப்படுவதால் இரண்டையும் விளக்கிவிடுகிறேன். அழற்சியில் தைராய்டு புதிதாக எதையும் கூடுதலாகச் சுரப்பதில்லை. சேமித்து வைத்திருந்த ஹார்மோன் சிதைந்த திசுவில் இருந்து ரத்தத்தில் கசிகிறது. தொட்டியில் விரிசல் விழுந்து தண்ணீர் ஒழுகும்போது, தொட்டிக்கு வரும் குழாயை அடைத்து என்ன பயன்? சுரப்பை அடக்கும் கார்பிமசோல் இதில் வேலை செய்யாது. படபடப்புக்கு புரோப்ரனலால் போன்ற மருந்து கொஞ்ச நாள், ஆஸ்துமா இல்லையா என்று கேட்டுக்கொண்டு. பிறகு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் பார்த்து, குறைச் சுரப்புக்குப் போகிறதா என்று கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். மாறாக அது கிரேவ்ஸ் என்று உறுதியானால் கார்பிமசோல் தேவைப்படும். அப்போதும் பாலை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. இந்த மருந்துகள் குறைந்த, நடுத்தர அளவில் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகின்றன. பால் கொடுத்து முடித்தவுடன் மாத்திரையைச் சாப்பிட்டால் இன்னும் குறையும். பால் கொடுக்கும் தாய்க்குக் கூடவே கூடாதது கதிரியக்க அயோடின்தான், அது சிகிச்சைக்காக இருந்தாலும் ஸ்கேனுக்காக இருந்தாலும். கர்ப்பத்திலும் அப்படியே. அந்தச் சிகிச்சை எடுத்தவர்கள் குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரை கொடுத்ததையும் நான் தவறு என்று சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு உண்மையான நோய், அதற்குச் சிகிச்சை வேண்டும். ஆனால் அதற்கு மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒரு டிஎஸ்எச். மிகைச் சுரப்பு பதற்றத்தையும் குறைச் சுரப்பு சோர்வையும் கொண்டுவரும். ஒரே ஒரு குழாய் ரத்தத்தில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றைத் தெரியாமல் விட வேண்டாமே.

இனி என் கோரிக்கை. இதற்குப் புதிய திட்டமோ புதிய கட்டடமோ வேண்டாம். ஏற்கெனவே புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறோம். குழந்தையின் 6, 10, 14ஆம் வாரங்களில் ஊசி, பிறகு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. மகப்பேறு நிதியுதவியின் தவணைகளும் குழந்தையின் தடுப்பூசியோடு இணைந்திருப்பதால் தாய்மார்கள் இந்த நாட்களைத் தவறவிடுவது குறைவு. 14ஆம் வாரம் என்பது அழற்சியின் மிகைச் சுரப்புக் கட்டத்துக்கு நடுவில் விழுகிறது. ஒன்பதாம் மாதம் குறைச் சுரப்புக் கட்டத்தில் விழுகிறது. தேடினாலும் இதைவிடப் பொருத்தமான இரண்டு நாட்கள் கிடைக்காது. குழந்தையின் எடையைப் பார்க்கிறோம், காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிறோம். பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் நாம் ஒன்றுமே கேட்பதில்லை.

செவிலியர் சகோதரிகளே, அந்த இரண்டு புதன்கிழமைகளிலும் தாயின் நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். நேரமில்லை என்றால் டிஜிட்டல் ரத்த அழுத்தக் கருவியிலேயே கீழே நாடித்துடிப்பும் தெரிகிறது, பெரும்பாலும் யாரும் அதை எழுதுவதில்லை, அதை எழுதுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 100க்கு மேல் இருக்கிறதா? கைகளை நீட்டச் சொல்லி விரல் மேல் ஒரு தாளை வைத்தால் அது நடுங்குகிறதா? பசிக்கிறது, சாப்பிடுகிறாள், ஆனாலும் மெலிகிறாளா? பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லையா? ஒன்பதாம் மாதத்தில் கேள்வி மாறும். அளவுக்கு மீறின சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுவது. ஏதாவது ஒன்று சரியாக இல்லை என்றால் டிஎஸ்எச். கழுத்தில் வீக்கம் உள்ளவர்களுக்கும், முன்பு தைராய்டு நோயோ முதல் வகைச் சர்க்கரையோ டிபிஓ ஆன்டிபாடியோ இருந்தவர்களுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் பாருங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்கள் மாமியாரின் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அதே திண்ணையில் பிள்ளையோடு மருமகள் உட்கார்ந்திருப்பாள். அவள் நாடியையும் அவர்கள் ஒரு தரம் பார்த்தால் கூடுதலாக ஒரு நிமிடம்தான் ஆகும். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணி மக்களின் குடியிருப்புகளில் இருந்து ஒரு பெண் படகேறி, பஸ் பிடித்து ரத்தம் கொடுக்க வருவது எளிதல்ல. அங்கே ரத்தத்தை எடுத்துக்கொண்டு வருவதுதான் நியாயம். டிஎஸ்எச்க்கு எடுத்த ரத்தத்தின் சீரத்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தால் கெட்டுப்போகாது என்பதை ஆய்வகக்காரியாக என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்புறம், குறைச் சுரப்புக்கு மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள். கர்ப்பத்தில் அவர்களுக்கு மாத்திரை அளவை 25 முதல் 30 சதவீதம் வரை கூட்டுவார்கள், அது சரி. பிரசவமானதும் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். நடப்பது என்ன? பாட்டிலில் எழுதிய அளவே தொடர்கிறது. மாத்திரையாலேயே மிகைச் சுரப்பு நிலைக்குப் போய், படபடப்போடு வருகிறார்கள். குழந்தையின் முதல் தடுப்பூசி அன்றைக்கு, அதாவது சரியாக 6ஆம் வாரத்தில், "உன் தைராய்டு மாத்திரையை எத்தனை ஆக்கினார்கள், குறைத்தார்களா" என்ற ஒரே கேள்வி இதைத் தடுத்துவிடும்.

ஆய்வகத் தோழர்களுக்கும் ஒன்று. பிள்ளை பெற்ற நான்காம் மாதத்தில் முடி கொட்டும். உடனே பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அழகுக்காக விற்கும் அந்த அதிக அளவு பயோட்டின், பயோட்டினை அடிப்படையாகக் கொண்ட நம் பரிசோதனைக் கருவிகளை ஏமாற்றும். டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். எதிர்ப்பொருள்கூட இருப்பதாகக் காட்டக்கூடும். நோயே இல்லாத பெண் கிரேவ்ஸ் நோயாளி ஆகிவிடுவாள். ரத்தம் எடுக்கும் முன் "முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா" என்று கேளுங்கள். ஆம் என்றால் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஎஸ்எச் பரிசோதனை கர்ப்பிணிக்குக் கிடைப்பதுபோல், பிள்ளை பெற்று ஒரு வருடம் ஆகாத தாய்க்கும் கிடைக்கும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். வாய்மொழியில் சொன்னால் "கர்ப்பிணிக்கு மட்டும்தான் கிட் வந்திருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, டிஎஸ்எச் 0.1க்குக் கீழே வந்தால் அந்தப் பெண் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு தெளிவான வழி. ஃப்ரீ டி4, டிராப் இரண்டும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றி பார்க்க ஏற்பாடு செய்து, தக்கலையிலும் குழித்துறையிலும் எடுக்கும் ரத்தம் அங்கே போய்ச் சேரும்படி செய்தால், கிள்ளியூர், விளவங்கோடு பக்கத்துப் பெண்கள் கைக்குழந்தையோடு எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்காது. டிராப் பரிசோதனைக்கு ஆகும் செலவு கூடுதல்தான். ஆனால் அது எல்லோருக்கும் தேவைப்படாது, டிஎஸ்எச் அடியில் கிடக்கும் சிலருக்கும், முன்பு கிரேவ்ஸ் இருந்தவர்களுக்கும் மட்டும்தான்.

வீட்டில் பேறுகாலம் பார்க்கும் அம்மாமார்களுக்கும் இந்த மடல் எட்டினால் சந்தோஷம். பிரசவ லேகியம் கொடுங்கள், வெந்நீர் ஊற்றுங்கள், மடியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். அயோடின் உப்பைத் தைராய்டுக்குப் பயந்து நிறுத்த வேண்டாம், கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. அவள் "நெஞ்சு அடிக்குது அம்மா" என்று சொன்னால் மட்டும், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், 100ஐத் தாண்டினால் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

செவிலியர்களுக்குக் கேள்விகளையும், நாடி பார்க்கும் முறையையும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க முடிவு செய்தால், அதை எழுதித் தரவும், வட்டாரக் கூட்டங்களுக்கு வந்து விளக்கவும் தயாராக இருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்